உங்களுக்குத் தெரியுமா?

ஃபோர்டு மாடல் டி காரின் நான்கு சிலிண்டர்களில் எது 'மிஸ்ஸிங்' ஆகிறது, அதாவது சரிவர எரியாமல் விட்டுவிடுகிறது என்பதை, எந்தக் கருவியும் இன்றிக் கைவிரல்களாலேயே கண்டுபிடித்துவிட முடியும்.

• 1908 முதல் 1927 வரை தயாரான அக்காரில், தீப்பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயில்கள் சிலிண்டருக்கு ஒன்றாக ஒரே பெட்டியில் இருந்ததோடு, ஒவ்வொன்றின் தலையிலும் வண்டுபோல் ரீங்கரிக்கும் அதிர்தகடு ஒன்றும் பொருத்தப்பட்டிருந்தது.

• எஞ்சின் ஓடும்போது இரண்டு தகடுகளை அழுத்திப் பிடித்தால் அவற்றுக்குரிய சிலிண்டர்கள் மட்டும் செயலிழக்கும் என்பதால், எஞ்சிய இரண்டும் சீராக ஓடினால் பழுது அழுத்தப்பட்டவற்றில்தான் என்பது உறுதியாகும்.

• அவ்விரண்டையும் தனித்தனியே இயக்கிப் பார்த்துக் கண்டறிந்த பழுதான சிலிண்டரின் காயிலைப் பக்கத்துக் காயிலோடு இடம்மாற்றும்போது கோளாறும் உடன் நகர்ந்தால் குறை காயிலில் உள்ளது. நகராவிட்டால் ஸ்பார்க் பிளக்கையோ வயரையோ சோதிக்க வேண்டும்.

• கொங்கு நாட்டுச் சாலைகளில் பின்னாளில் ஓடிய பெட்ரோல் அம்பாசடரில் ஒரே காயிலும், மின்சாரத்தைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரும் இருந்தமையால், மெக்கானிக்குகள் முதலில் பார்த்தது பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகளின் இடைவெளியைத்தான். அது ஏறத்தாழ 0.4 மி.மீ. இருக்க வேண்டும்.

• பழங்கார்களை நேரில் காண விழைவோருக்குக் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் உள்ளது.