உங்களுக்குத் தெரியுமா? கசகசாவும் கம்பி எண்ண வைக்கும்!

குருமாவுக்கு அரைத்து ஊற்றும் கசகசாவைப் பெட்டியில் வைத்துத் துபாய்க்குப் போனால், சிறை செல்ல நேரிடலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள்.

• கசகசாவும் அபினும் ஒரே செடியில் கிடைப்பவை. அபினில் உள்ள மார்ஃபின், விதையின் மேலும் சிறிதளவு ஒட்டியிருக்கக்கூடும். தடைக்குக் காரணம் இதுதான்.

• சிங்கப்பூரிலும் இதே நிலைதான். மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் தடைப் பட்டியலில் கசகசா இருக்கிறது.

• மருந்துப் பையிலும் கவனம் தேவை. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை ஆகியவற்றை அமீரகத்துக்குக் கொண்டுசெல்ல, அந்நாட்டு அரசின் முன் அனுமதி வேண்டும்.

• சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது.

"எங்கள் ஊரில் கசகசா மளிகைக் கடையிலேயே கிடைக்கும்" என்ற விளக்கம் சுங்கச் சோதனையில் எடுபடாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு மசாலாப்பொடி கட்டிக் கொடுக்கும் முன், அதில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குருமா கெட்டியாக முந்திரியும் தேங்காயும் போதும்.