விளைநிலக் காவலும் கார்பைடு வேட்டுக்குழாயின் அபாயமும்

கோயமுத்தூர் ஜில்லாவில் மலையடிவாரத்தை ஒட்டிய தடாகம், தொண்டாமுத்தூர், மதுக்கரை, மேட்டுப்பாளையம் முதலிய பகுதிகளில், மக்காச்சோளம், நிலக்கடலை, வாழை முதலிய பயிர்களைக் காட்டுப்பன்றி, யானை, மயில் ஆகியவற்றினின்றும் காப்பது குடியானவர்களுக்குப் பெருங்கவலையாக இருந்து வருகிறது. பல மாதப் பாடு ஓரிரவில் பாழாவதுமுண்டு. முற்காலத்தில் பரண் கட்டிக் கவண்கல் எறிந்தும், தகரம் தட்டியும் காவல் காத்தனர். இக்காலத்தில் சிலர் பிளாஸ்டிக் குழாயும் கால்ஷியம் கார்பைடும் கொண்டு வீட்டிலேயே செய்த வேட்டுக்குழாயை நாடுகின்றனர். மேல்நாடுகளில் உருளைக்கிழங்கை எறிய விளையாட்டாகச் செய்யப்படும் குழாய்ப் பீரங்கியும் ஏறக்குறைய இவ்வினத்தைச் சேர்ந்ததே.

கார்பைடு ஜலத்துடன் சேருங்கால் அஸிட்டிலின் என்னும் வாயு உண்டாகிறது, சுண்ணாம்பு எஞ்சுகிறது. இவ்வாயு காற்றில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கலந்தாலும் வெடிக்கும். எண்பது பங்கு கலந்தாலும் வெடிக்கும். ஆகையால், சிறிதளவு இட்டால் தீங்கில்லை என்று எண்ணுவது பிழை. மேலும் இக்குழாய்கள் ஜலம் பாய்ச்சுவதற்கென்றே செய்யப்பட்டவை. வெடியின் வேகத்தைத் தாங்கா. வெயிலில் கிடந்து வலுவிழந்த குழாய் சிதறுமாயின், அதன் சில்லுகள் கத்திபோல் பாயும்.

2025-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், தீபாவளியையொட்டி மத்தியப் பிரதேசத்துப் போபால் முதலிய ஊர்களில் இத்தகைய குழாய்களால் நூற்றுக்கு மேற்பட்டோர் கண்ணில் காயமுற்றனர். அவர்களுள் பலர் சிறுவர். சிலர் பார்வையையும் இழந்தனர். வெடிக்காத குழாயினுள் என்ன நேர்ந்ததென்று குனிந்து நோக்கியவேளையில் அது வெடித்ததே பல விபத்துக்களுக்குக் காரணம். தீயினால் மட்டுமன்றிச் சுண்ணாம்பின் காரத்தினாலும் விழி வெந்துபோகிறது.

எனவே இக்கருவியை அபாயமின்றிச் செய்யும் முறை யாதென வினவுவோர்க்கு, அத்தகைய முறை இல்லை என்பதே விடை. முன்னரே செய்து வைத்திருப்போர் அதனை உபயோகியாமல் விட்டுவிடுவது நலம். எஞ்சிய கார்பைடை ஈரமும் நெருப்பும் அணுகாத இடத்தில், சிறுவர் கைக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும். கண்ணில் கார்பைடோ சுண்ணாம்போ பட்டால் கசக்கலாகாது. சுத்தமான ஜலத்தால் அரைமணி நேரம் இடைவிடாது கழுவி, தாமதமின்றிக் கண் வைத்தியரிடம் செல்லவேண்டும்.

ஓசையின் பயனும் நெடுநாள் நில்லாது. ஒரே விதமான சத்தத்திற்குப் பன்றியும் மயிலும் சில நாட்களில் பழகிவிடுகின்றன. இரையினுள் வெடிமருந்து மறைத்து வைக்கும் அவுட்டுக்காயோ இன்னும் கொடியது. அதனைக் கடித்த யானைகள் வாய் சிதைந்து, உண்ண இயலாமல் மடிந்த சம்பவங்கள் இப்பக்கங்களில் நேர்ந்துள்ளன. 1972-ஆம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி யானைக்கும் மயிலுக்கும் கேடு விளைப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாகும்.

சூரிய சக்தியால் இயங்கும் வேலி, அகழி, அண்டை நிலத்தார் முறைவைத்துக் கூடிக் காக்கும் இராக்காவல் ஆகியவை ஏற்றவை. மின்வேலி அமைப்போர் 2023-ஆம் வருஷத்திய தமிழ்நாட்டு விதிகளின்படி பதிவு செய்தல் அவசியம். வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் செலுத்துவது மனித உயிரையே வாங்கும். பயிர் அழிந்த இடத்தைக் கலைக்காமல் வனத்துறைக்கு உடனே தெரிவித்து நஷ்டஈடு கோரலாம். சேதத்தைக் கிராம அதிகாரிகள் காலதாமதமின்றிப் பார்வையிட்டுச் சான்றளிப்பார்களாயின், குடியானவர்கள் அபாயமான வழிகளை நாடுவது பெரிதும் குறையும். போன பயிரை அடுத்த பட்டத்தில் விளைவித்துக்கொள்ளலாம். போன கண் மீளாது.