நாளைய கவலையும் இன்றைய கடமையும்



கவலை என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் மற்றொரு பொருளும் உண்டு. ஒரு வழி கிளைத்துப் பிரியும் இடத்தைச் சங்கப் புலவர்கள் கவலை என்றனர். ஜவ்வாது மலையில் வாழும் எனக்கு இப்பொருளை உணர நிகண்டு வேண்டுவதில்லை. காட்டுப்பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், ஊருக்குப் புதியவர் எவ்வழி செல்வதென்று மயங்கி நின்றுவிடுவார். பொழுது சாய்ந்துகொண்டே இருக்கும். கால் மட்டும் நகராது. கவலையுற்ற மனத்தின் நிலையும் இதுவே. அம்மனம் உழைப்பதுமில்லை, ஓய்வதுமில்லை. நின்ற இடத்திலேயே நின்று களைத்துப் போகிறது.

இக்கவலையை இறைவனிடம் ஒப்புவித்தல் கிறிஸ்தவ சமயத்தின் தலையாய போதனைகளுள் ஒன்று. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில், மலைப்பிரசங்கத்தின் நடுவே இது வருகிறது. உணவுக்கும் உடைக்கும் ஏங்கிய எளிய மக்களுக்கு இயேசு பெருமான் வானத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் சான்றாகக் காட்டினார். அவற்றைப் பேணும் பரமபிதா மக்களைக் கைவிடுவாரோ என்பதே அவர் கேட்டதன் சாரம். கிறிஸ்தவரல்லாத மாணவர்க்கும் இக்கருத்து அந்நியமானதன்று. உள்ளத்துத் துயர் நீங்குவதற்கும் இறைவன் திருவடிக்கும் உள்ள தொடர்பைத் திருக்குறளின் முதல் அதிகாரமே பேசுகிறது.

இதனை விளக்கும்போதெல்லாம் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "அப்படியானால் நாங்கள் படிக்க வேண்டுவதில்லையா, ஐயா? பறவைக்கு உழவும் இல்லை, களஞ்சியமும் இல்லையே!" என்று கேட்பான். நல்ல கேள்விதான். ஆனால் பறவையைச் சற்று உற்று நோக்குங்கள். அது பொழுது புலரும்போதே கூட்டைவிட்டுப் புறப்படுகிறது. நாள் முழுதும் இரைதேடி அலைகிறது. நாளைய இரைக்காக இரவெல்லாம் விழித்திருந்து புலம்பாமை ஒன்றே அது நமக்குக் கற்பிக்கும் பாடம்.

எங்கள் மலையில் சாமை பயிரிடுவோர் இதனை நன்கறிவர். அப்பயிர் வானத்து மழையையே நம்பியது. நிலத்தை உழுவதும், காலமறிந்து விதைப்பதும், களையெடுப்பதும் உழவரின் வேலை. மழையைப் பெய்விப்பது அவர் வேலையன்று. தம் வேலையைச் செய்யாமல் மழையை எதிர்நோக்குபவரைச் சோம்பேறி என்போம். வேலையை முடித்த பின்னும் மேகத்தைப் பார்த்துப் பார்த்து உடல் நலிபவரைக் கவலைக்கு அடிமை என்போம். விசுவாசம் என்பது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி.

இவ்வழியில் நடந்த ஒருவரின் வரலாறு எங்கள் மலைக்கு வடக்கே, வேலூரில் இருக்கிறது. 1870இல் இராணிப்பேட்டையில் அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். அவருடைய தந்தையார் ஒரு மருத்துவர். ஐடாவுக்கோ இந்தியாவில் தங்கிப் பணிபுரியும் எண்ணமே இல்லை. 1890களில் நோயுற்ற தாயாருக்குத் துணையாகத் திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது, ஓர் இரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். பேறுகால வேதனையில் துடித்த தம் மனைவியரைக் காக்குமாறு அவரை வேண்டினர். ஐடா மருத்துவம் கற்றவரல்லர். அவருடைய தந்தையாரை அழைத்துச் செல்லவோ அக்கால வழக்கம் இடந்தரவில்லை. பெண்ணை ஆண் மருத்துவர் தொடுதல் ஆகாது என்றனர். மறுநாள் காலையில் அம்மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது.

அவ்விரவு முழுதும் தாம் உறங்காமல் ஜெபித்ததாக ஐடா பின்னர் கூறியிருக்கிறார். அந்த ஜெபத்தால் அம்மூவரும் பிழைக்கவில்லை. இதனை நாம் மறைத்தல் கூடாது. விசுவாசம் துயரத்தைத் தடுக்கும் மந்திரமன்று. அவருடைய துயரம் வெறும் ஏக்கமாக உறைந்துவிடாமல் செயலாக மாறியதே இங்குக் கருதத்தக்கது. அவர் அமெரிக்கா சென்று, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்குத் திரும்பினார். அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். வழிகாட்ட மூத்த மருத்துவர் இல்லை. தொடக்கத்தில் மக்களின் நம்பிக்கையும் இல்லை. ஆயினும் வீட்டின் சிற்றறை ஒன்றில் சிகிச்சையைத் தொடங்கினார். 1902இல் மருத்துவமனை எழுந்தது. 1909இல் செவிலியர் பயிற்சியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றின.

1930களின் இறுதியில் மற்றொரு சோதனை வந்தது. மருத்துவக் கல்வி இனிப் பட்டப்படிப்பாகவே இருத்தல் வேண்டும் என அரசு விதித்தது. பெரும்பொருளும் பேராசிரியரும் இன்றிப் பள்ளி நிலைப்பது அரிதாயிற்று. அப்போது ஐடாவுக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. அவர் ஜெபித்தார்; அதனோடு அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதியும் திரட்டினார். 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கிடைத்தது. இன்றும் நாடெங்கிலுமிருந்து நோயாளர் அக்கல்லூரி மருத்துவமனையை நாடி வருகின்றனர். 1960இல் ஐடா மறைந்தார்.

உண்மையான விசுவாசிக்குக் கலக்கமே வராது என்றும் எண்ணிவிடாதீர்கள். சிலுவைப்பாட்டுக்கு முந்திய இரவில், கெத்செமனே தோட்டத்தில் இயேசு பெருமானே மிகவும் வியாகுலப்பட்டார். அத்துன்பம் தம்மைவிட்டு நீங்கலாகாதோ என வெளிப்படையாகவே வேண்டினார். பின்னர்த் தந்தையின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புவித்தார். தம்முடன் விழித்திருக்குமாறு நண்பரையும் கேட்டுக்கொண்டார். ஆகவே அச்சத்தை வாய்விட்டுச் சொல்வது விசுவாசக் குறைவு ஆகாது.

இதனை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில், சில மதிப்பெண்கள் குறைந்தமைக்காக உயிரையே வெறுத்துப் பேசிய பிள்ளைகளை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். அவர்களுட் பலர் அக்கவலையை யாரிடமும் கூறாமல் மாதக்கணக்காகச் சுமந்தவர்கள். கடவுளிடம் ஒப்புவித்தேன் என்று கூறி மனிதரிடம் மறைக்க வேண்டுவதில்லை. ஒருவர் பாரத்தை மற்றவர் தாங்க வேண்டும் என்பதும் கிறிஸ்தவ போதனையே. தாயிடமோ, ஆசிரியரிடமோ, நண்பரிடமோ சொல்லுங்கள். உறக்கமும் ஊணும் கெட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். இறைவனின் உதவி மனிதர் வாயிலாகவே பெரும்பாலும் வருகிறது.

இன்று மாலை படிக்க வேண்டிய பாடம் உங்கள் கையில் இருக்கிறது. அதைச் செவ்வனே படியுங்கள். வினாத்தாளும், திருத்துபவரின் மனமும், நாளைய உலகமும் உங்கள் கையில் இல்லை. அவற்றைக் கடவுளிடம் விட்டுவிடுங்கள். பின்னர் விளக்கை அணைத்துவிட்டு அமைதியாக உறங்குங்கள். அவ்வுறக்கமும் ஒருவகை ஜெபமே.