பெருவிருந்து உவமை

பெருவிருந்து உவமை என்பது இயேசு கூறிய உவமைகளுள் ஒன்றாகும். லூக்கா நற்செய்தியில் (14:15-24) இது ஒருவர் தம் வீட்டில் அளிக்கும் விருந்தாகவும், மத்தேயு நற்செய்தியில் (22:1-14) அரசர் தம் மகனுக்கு நடத்தும் திருமண விருந்தாகவும் வருகிறது. கடவுள் அழைக்கும்போது மனிதர் எழுந்து வர ஆயத்தமாக இருக்கிறார்களா என்பதே இரண்டின் மையக் கேள்வி.

லூக்காவின்படி, ஓய்வுநாளில் பரிசேயர் தலைவர் ஒருவரின் வீட்டுப் பந்தியில் இயேசு அமர்ந்திருந்தார். உடன் இருந்த ஒருவர், இறையாட்சியின் விருந்தில் உண்பவரின் நற்பேற்றைப் புகழ்ந்தார். தமக்கு அங்கே இடம் உண்டு என்ற நம்பிக்கையில்தான் அவர் அப்படிப் பேசியிருக்க வேண்டும். அவருக்கு மறுமொழியாகவே உவமை சொல்லப்பட்டது.

இரண்டு அழைப்புகள்

உவமையில் அழைப்பு இருமுறை வருகிறது. முதலில் விருந்து பற்றி அறிவிக்கப்படுகிறது. உணவு ஆயத்தமானபின் பணியாளர் சென்று கூப்பிடுகிறார். இவ்வழக்கத்தை எஸ்தர் நூலிலும் காணலாம். அரசி எஸ்தர் ஆமானை முதல் நாளே விருந்துக்கு அழைக்கிறார் (5:8). மறுநாள் அரண்மனை அலுவலர் வந்து அவனை அழைத்துச் செல்கின்றனர் (6:14). எனவே உவமையில் வருவோர் முதல் அழைப்பை மறுத்தவர்கள் அல்லர். சமைத்து முடித்தபின்தான் பின்வாங்குகின்றனர்.

அவர்கள் சொல்லும் காரணங்களை மாணவர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். ஒருவர் நிலம் வாங்கியிருக்கிறார், அதைப் பார்க்க வேண்டும். இன்னொருவர் ஐந்து ஏர் மாடுகள், அதாவது பத்து மாடுகள், வாங்கியிருக்கிறார். ஓட்டிப் பார்க்க வேண்டும். (வாங்கும் முன் அல்லவா பார்த்திருக்க வேண்டும்!) மூன்றாமவர் புதிதாக மணமானவர், அவர் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. இவற்றுள் எதுவும் பாவச் செயல் அன்று. புது வீடு கட்டியவர், திராட்சைத் தோட்டம் நட்டவர், பெண்ணுக்கு மண ஒப்பந்தம் செய்தவர் ஆகியோருக்குப் போரிலிருந்து விலக்கு உண்டு என இணைச் சட்ட நூல் (20:5-7) கூறுகிறது. புதிதாக மணந்தவருக்கு ஓராண்டு விலக்கு உண்டு (24:5). போருக்குச் சொல்ல வேண்டிய காரணங்களை இவர்கள் விருந்துக்குச் சொல்கின்றனர். கடவுளின் அழைப்பைச் சுமையாக எண்ணும் மனநிலை இதில் வெளிப்படுகிறது. தீய வாழ்க்கையைவிட, நிலமும் தொழிலும் குடும்பமும் நிறைந்த நல்ல வாழ்க்கையே அழைப்புக்குத் தடையாகிவிடுவதை உவமை காட்டுகிறது.

வற்புறுத்தல்

அதன்பின் ஏழைகள், ஊனமுற்றோர், பார்வையற்றோர் அழைத்து வரப்படுகின்றனர். இன்னும் இடம் இருப்பதால், வழியோரங்களில் இருப்போரையும் வற்புறுத்திக் கூட்டி வருமாறு தலைவர் சொல்கிறார். இச்சொல்லுக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 5ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீன், தொனாத்தியர் எனப்பட்ட பிரிவினரை அரசு அதிகாரத்தால் திருச்சபைக்குள் சேர்ப்பதை நியாயப்படுத்த இதைப் பயன்படுத்தினார். பிரான்சில் சீர்திருத்தச் சபையினர்மீது ஒடுக்குமுறை நடந்த காலத்தில், 1686இல், பியேர் பேய்ல் இவ்விளக்கத்தை மறுத்துத் தனி நூலே எழுதினார். அவர் பக்கமே நியாயம் இருக்கிறது. தெருவோரத்து ஏழை, பெரிய வீட்டுக்குள் நுழையக் கூசுவார். அவருடைய தயக்கத்தைப் போக்கவே வற்புறுத்தல் தேவைப்பட்டது. பழைய தமிழ் விவிலியத்தில் இவ்விடம் வருந்தி அழைத்தல் என்னும் பொருளில் அமைந்திருப்பது பொருத்தமானது.

திருமண உடை

மத்தேயுவில் மட்டும் ஒரு கூடுதல் காட்சி உண்டு. நல்லோரும் தீயோரும் நிறைந்த மண்டபத்தில் திருமண உடை அணியாத ஒருவரை அரசர் காண்கிறார். காரணம் கேட்கப்பட்டபோது அவர் வாயடைத்து நிற்கிறார், வெளியே தள்ளப்படுகிறார். விருந்தினருக்கு அரசரே உடை அளிப்பது வழக்கம் என்று பலர் விளக்குவர். ஆனால் உவமை அப்படிச் சொல்லவில்லை. அவ்வுடை அன்பைக் குறிக்கிறது என்றார் அகுஸ்தீன். உள்ளே வர எந்தத் தகுதியும் கேட்கப்படவில்லை. வந்தபின் மாற்றம் எதிர்பார்க்கப்படுகிறது. கத்தோலிக்கத் திருவழிபாட்டில், முதலாம் ஆண்டின் பொதுக்காலம் 28ஆம் ஞாயிறன்று இவ்வுவமை வாசிக்கப்படுகிறது. உடை பற்றிய பகுதியை விட்டுவிட்டுக் குறுகிய வடிவில் வாசிக்கவும் அனுமதி உண்டு. நேரம் இருந்தால் முழுவதையும் வாசிப்பதே நல்லது.