தாடைக் கட்டி மீண்டும் முளைப்பது ஏன்?

கீழ்த்தாடையில் வலியின்றி மெல்ல வளரும் வீக்கத்தைப் பல் வீக்கம் என்றே பலர் விட்டுவிடுகிறோம். அது அமெலோபிளாஸ்டோமா என்னும் கட்டியாகவும் இருக்கலாம். பல்லை உருவாக்கும் திசுக்களின் வழிவந்த இக்கட்டி, பெரும்பாலும் புற்றுநோய் அன்று. நம் நாட்டிலும் இது உண்டு. மலேசியாவில் 340 பேரின் விவரங்களை ஆராய்ந்த கட்டுரை 2012இல் வெளியாயிற்று.

புற்றல்லாத கட்டி, அறுத்தெடுத்த பின்னும் ஏன் திரும்புகிறது? பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தோர் லாலான் புல்லை அறிவர். மேலே வெட்டினால் மண்ணுக்குள் ஓடும் தண்டிலிருந்து மறுபடி முளைக்கும். இக்கட்டியும் அப்படித்தான். எக்ஸ்ரேயில் தெரியும் விளிம்பைத் தாண்டி எலும்பின் நுண்துளைகளுக்குள் ஊடுருவியிருக்கும். சுரண்டி மட்டும் எடுத்தால் மிச்சம் தங்கிவிடும். ஆகவேதான் மருத்துவர்கள் பெரும்பாலும் சுற்றிலும் 1 முதல் 2 சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்தே அகற்றுகின்றனர். இழந்த பகுதியை இடுப்பெலும்பு அல்லது காலெலும்பு கொண்டு சீரமைக்கலாம்.

திரும்பி வருபவற்றுள் பாதிக்கு மேல் முதல் 5 ஆண்டுகளில் வரும். சில 10 ஆண்டு கடந்தும் வரும். "முகம் நன்றாகிவிட்டதே" என்று பரிசோதனையை நிறுத்திவிடலாகாது. துணையின்றி இருப்போரை ஆண்டுதோறும் ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் ஒரு திருத்தொண்டே.