சிறுவர் சிறுநீரகப் புற்றுநோயும் வைரசுத் தொற்றும்

மாணவர்களே, வெண்குருதிக் கலங்கள், பிறபொருளெதிரிகள், தடுப்பூசி என்பன பற்றி நீங்கள் கற்றிருப்பீர்கள். அவ்வறிவை ஒரு நோய் நிலைமைக்குப் பிரயோகிக்குமாறு வினாக்கள் அமையலாம். அதற்கு உதாரணமாகச் சிறுவரின் சிறுநீரகப் புற்றுநோயை நோக்குவோம்.

1. வில்ம்ஸ் கட்டி

சிறுவரில் ஏற்படும் சிறுநீரகப் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை வில்ம்ஸ் கட்டி ஆகும். இதனை 1899 இல் விரிவாக விளக்கிய ஜேர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் மக்ஸ் வில்ம்ஸின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்டோரே பாதிக்கப்படுகின்றனர். முளைய விருத்தியின்போது சிறுநீரக இழையமாக முதிர்ச்சியடைய வேண்டிய சில கலங்கள் முதிராது தொடர்ந்து பிரிவதால் கட்டி உருவாகிறது. சிலரில் 11ஆம் நிறமூர்த்தத்திலுள்ள பரம்பரை அலகொன்றின் மாற்றம் இதற்குக் காரணமாகும்.

கவனிக்க: ஈரற் புற்றுநோயை ஹெப்பற்றைற்றிஸ் பி வைரசு தோற்றுவிக்கலாம். ஆனால் வில்ம்ஸ் கட்டியைத் தோற்றுவிப்பதாக எந்த வைரசும் அறியப்படவில்லை. இது ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. எனவே இந்நோயுள்ள பிள்ளையை ஒதுக்கி வைப்பது தவறாகும்.

2. உடல் ஏன் கட்டியை அழிப்பதில்லை?

நிர்ப்பீடனத் தொகுதி உடலுக்குரியவற்றையும் பிறபொருள்களையும் வேறுபடுத்தி அறிகிறது. வைரசின் புரதங்கள் உடலுக்கு அந்நியமானவை. ஆகவே நிணநீர்க்குழியங்கள் அவற்றை இனங்கண்டு தாக்குகின்றன. கட்டியின் கலங்களோ உடலின் சொந்தக் கலங்களிலிருந்து தோன்றியவை. அதனால் அவை எளிதில் இனங்காணப்படுவதில்லை.

3. சிகிச்சையும் அதன் விளைவும்

சத்திரசிகிச்சை, மருந்துகள், தேவையாயின் கதிர்ச்சிகிச்சை என்பன அளிக்கப்படும். மருந்துகளுள் ஒன்றான வின்கிறிஸ்ரீன், எமது வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணித் தாவரத்திலிருந்து பெறப்படுகிறது. இது இழையுருப்பிரிவைத் தடுக்கிறது.

ஆனால் புற்றுநோய் மருந்துகள் விரைவாகப் பிரியும் ஏனைய கலங்களையும் தாக்குகின்றன. மயிர் உதிர்வது இதனாலாகும். என்பு மச்சையும் பாதிக்கப்படுவதால் வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கை குறைகிறது. இந்நிலையில்,

• பற்றீரியாத் தொற்றுகள் குருதியினூடாக விரைவில் பரவலாம்.
• கொப்புளிப்பான், சின்னமுத்து போன்ற வைரசு நோய்கள் நுரையீரல், மூளை என்பவற்றைக் கடுமையாகப் பாதிக்கலாம்.
• தொற்றுக் குணமாகும்வரை புற்றுநோய்ச் சிகிச்சையைப் பிற்போட நேரிடலாம்.

எனவே இப்பிள்ளைக்கு 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல் ஏற்பட்டால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

4. பாதுகாப்பு

சின்னமுத்துத் தடுப்பூசியில் வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரசு உள்ளது. ஆதலால் சிகிச்சை பெறும் பிள்ளைக்கு அது ஏற்றப்படுவதில்லை. அப்படியாயின் அப்பிள்ளையைக் காப்பது யார்? சகோதரரும் அயலவரும் பாடசாலைத் தோழருமே. அவர்கள் தடுப்பூசி பெற்றிருந்தால் வைரசு பரவும் வழி அடைபடுகிறது. இலங்கையில் சின்னமுத்து, கூகைக்கட்டு, றுபெல்லா ஆகியவற்றுக்கு எதிரான தடுப்பூசி 9 மாதத்திலும் 3 வயதிலும் ஏற்றப்படுகிறது.

கொப்புளிப்பான் நோயாளியுடன் பழகிய பிள்ளைக்குத் தயார்நிலைப் பிறபொருளெதிரிகளை ஏற்றலாம். இது உயிர்ப்பற்ற நிர்ப்பீடனம் ஆகும். பாதுகாப்பு உடனே கிடைக்கும். ஆயினும் நீண்டகாலம் நிலைக்காது.

5. குணமடையும் வாய்ப்பு

உயர் வருமான நாடுகளில் இந்நோயுற்ற 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 90 பேர் உயிர் பிழைக்கின்றனர். வறிய நாடுகளில் இவ்வீதம் மிகக் குறைவு. நோயைத் தாமதமாகக் கண்டறிதல், சிகிச்சையை இடைநிறுத்தல், தொற்றுகள் என்பன இதற்கான காரணங்களுட் சிலவாகும். அதாவது, கட்டியை அகற்றுவது மட்டும் போதாது. சிகிச்சைக் காலத்தில் பிள்ளையைத் தொற்றிலிருந்து காப்பதும் அவசியமாகும்.

மாதிரி வினா

சிகிச்சை பெறும் பிள்ளையொன்றின் அண்ணனுக்குச் சின்னமுத்துத் தடுப்பூசி ஏற்றுமாறு வைத்தியர் கூறினார்.
(அ) பிள்ளைக்கு அதனை ஏற்றாமைக்குக் காரணம் யாது?
(ஆ) அண்ணனுக்கு ஏற்றுவதால் பிள்ளைக்கு ஏற்படும் நன்மை யாது?

விடை
(அ) நிர்ப்பீடனம் குன்றியிருப்பதால், வலுக்குறைந்த வைரசும் நோயை ஏற்படுத்தலாம்.
(ஆ) அண்ணனுக்கு நோய் தொற்றும் வாய்ப்புக் குறைவதால், அவர் மூலம் வைரசு பிள்ளையை அடையும் வாய்ப்பும் குறைகிறது.