நான்கு மில்லிமீட்டர் துளையும் ஆண்டிறுதித் தள்ளுபடியும்

டிசம்பர் 31-ஆம் தேதியோடு சலுகை முடிகிறது என்று கேமரா விளம்பரங்கள் மிரட்டத் தொடங்கியதுமே வாசகர் கடிதங்களும் குவியத் தொடங்கிவிட்டன. மயிலாப்பூரிலிருந்து எழுதுபவர்களுக்கு மார்கழிக் கோலமும் விடியற்கால பஜனையும் வேண்டும். தி.நகர்க்காரர்களுக்குப் பாண்டி பஜார் நடைபாதை. அடையாற்றுக்காரர்களுக்கு முகத்துவாரத்துப் பறவைகள். தோளை இறக்கும் டி.எஸ்.எல்.ஆர். பையை வீட்டிலேயே வைத்துவிட்டு, காய்கறி வாங்கப் போகும்போதுகூட எடுத்துப் போகிற மாதிரி, லென்ஸ் மாற்றக்கூடிய சின்னக் கேமரா எது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். கூடவே ஒரு குழப்பமும் கடிதத்துக்குக் கடிதம் தலைகாட்டுகிறது. ஃபோனிலும் எஃப்/1.8 என்று போட்டிருக்கிறது, கேமரா லென்ஸிலும் எஃப்/1.8 என்று போட்டிருக்கிறது. பிறகு எதற்குத் தனியாக ஒரு கேமரா?

தேதியைப் பற்றிப் பதற வேண்டாம். ஆண்டிறுதிச் சலுகை போனால் பொங்கல் சலுகை வரும். மார்கழிதான் காத்திருக்காது. வடக்கு மாட வீதிக் கோலப் போட்டி ஜனவரித் தொடக்கத்தில் வந்துவிடும், அதற்கு முந்தின நாள் வாங்கிய கேமராவோடு போய் நிற்பவர் பட்டனைத் தேடிக்கொண்டிருப்பார்.

இனி அந்த எஃப் எண். இந்தக் கேமராக்களை விற்கிறவர்கள் சொல்வது ஏறக்குறைய இப்படித்தான்: கண்ணாடியை எடுத்துவிட்டோம், அதனால் எடை பாதி, தரம் அப்படியே. இதில் முதல் பாதி உண்மை. டி.எஸ்.எல்.ஆருக்குள் கண்ணாடி எழுந்து விழ இடம் வேண்டும். அதனால் கேனனின் பழைய இ.எஃப். அமைப்பில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே 44 மி.மீ. தூரம் இருந்தது. சோனியின் இ-மவுன்ட்டில் அது 18 மி.மீ., கேனனின் புதிய ஆர்.எஃப்.பில் 20 மி.மீ. 2008-இல் பானசோனிக்கின் லூமிக்ஸ் ஜி1 தொடங்கி வைத்த மிரர்லெஸ் வரிசை முழுவதுமே உடல் மெலிந்தது இந்த வழியில்தான்.

அகலக் கோண லென்ஸ்களுக்குக் கண்ணாடி ஒரு தடையாக இருந்தது உண்மை, ஆனால் அதை எடுத்ததால் மற்ற லென்ஸ்களின் எடையில் பெரிய லாபம் இல்லை. கண்ணாடி வைத்த கேமராவுக்காகக் கேனன் செய்த 24-70 எஃப்/2.8 இரண்டாம் பதிப்பு 805 கிராம். மெலிந்த உடலுக்காகச் சோனி 2016-இல் கொண்டுவந்த முதல் 24-70 எஃப்/2.8 ஜி.எம். 886 கிராம். இளைத்த உடம்பு, பெருத்த மூக்கு! சோனி பின்னால் இதை 695 கிராமுக்குக் கொண்டுவந்தது என்றாலும் காய்கறிப் பையில் போடுகிற சாமான் அல்ல அது.

அப்படியானால் உண்மையிலேயே சின்னதாக, மொத்தமாக அரைக் கிலோவுக்குள் வருகிற கேமராக்கள் எடையை எங்கே குறைக்கின்றன? சென்சாரில். முழு அளவு என்று சொல்லப்படுவது 36×24 மி.மீ. ஏ.பி.எஸ்-சி சுமார் 23.5×15.6. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3×13, அதாவது முழு அளவில் கிட்டத்தட்ட கால் பங்குப் பரப்பு. சின்ன சென்சாருக்குச் சின்ன லென்ஸ் போதும்.

சூட்சுமம் இங்கேதான் நுழைகிறது. சின்ன சென்சாரில் 45 மி.மீ. லென்ஸ் போட்டால் காட்சி குறுகி, முழு அளவில் 90 மி.மீ. லென்ஸ் காட்டுகிற அளவே தெரியும். தயாரிப்பாளர்கள் இந்தப் பெருக்கலைத் தயங்காமல் செய்து, '90-க்குச் சமம்' என்று அட்டையில் அச்சடிக்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் எஃப்/1.8-ஐ மட்டும் தொடுவதில்லை. பெருக்கினால் அது எஃப்/3.6 ஆகிவிடும். விற்பனைக்கு உதவும் எண் பெருக்கப்படுகிறது, உதவாத எண் அப்படியே விடப்படுகிறது. இதைப் பொய் என்று சொல்ல முடியாது. சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் ஒளி எஃப்/1.8 அளவுதான், ஷட்டர் வேகமும் மாறாது. ஆனால் மொத்தம் எவ்வளவு சேர்கிறது என்பது பரப்பைப் பொறுத்தது. ஒரே மழைதான், முற்றத்தில் வைத்த டம்ளரில் சேர்வது வேறு, அண்டாவில் சேர்வது வேறு. இருட்டில் எடுத்த படம் புள்ளி புள்ளியாக வருவதும் வராததும் இந்த மொத்தக் கணக்கில்தான் முடிவாகிறது.

சென்சார் அளவுகளையெல்லாம் மனப்பாடம் செய்யாமலே இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. லென்ஸில் எழுதியிருக்கும் அசல் மில்லிமீட்டரை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும். ஒரே காட்சியளவை எடுக்கும் இரண்டு கருவிகளில் எதன் துளை பெரிதோ அதற்கு மொத்த ஒளி அதிகம். விட்டம் இரட்டித்தால் ஒளி நான்கு மடங்கு.

இந்த வகுத்தலைச் செய்தால் கடைக்காரர் சொல்லாத சில விஷயங்கள் வெளியே வரும். விலையுயர்ந்த ஐஃபோன்களின் முதன்மைக் கேமராவில் அசல் குவியத் தூரம் 7 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, எஃப்/1.78. துளை 4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. கேனன் ஆர்50-ஐப் பெட்டியோடு வாங்கினால் கூட வரும் 18-45 எஃப்/4.5-6.3 கிட் லென்ஸின் அகலக் கோணத்தில் 18-ஐ 4.5-ஆல் வகுத்தால் சரியாக 4 மி.மீ. அதாவது, பெரிய சென்சார் என்று நம்பி வாங்கியவருக்கு அகலக் கோணத்தில் கிடைக்கிற மொத்த ஒளி, பாக்கெட்டில் ஏற்கெனவே இருக்கும் ஃபோனுக்குக் கிடைப்பதே. ஃபோனோ பல படங்களை எடுத்து ஒன்றாக இழைத்து இருட்டைச் சமாளிக்கவும் செய்யும். கேமரா வாங்கி ஒரு மாதத்தில் ஃபோனே நன்றாக எடுக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் தவறு செய்யவில்லை. அவர்களுக்கு விற்கப்பட்ட லென்ஸ் அப்படி.

இதே கிட் லென்ஸ் 45 மி.மீ.க்குப் போனால் துளை 7 மி.மீ. ஆகிறது, அங்கே ஃபோனின் டெலி கேமராவை மிஞ்சத் தொடங்கும். பகல் வெளிச்சத்தில் இந்தக் கணக்கே வேண்டாம்.

மார்கழி பஜனைக்கு வேண்டும். டிசம்பர் கடைசியில் சென்னையில் சூரியன் எழும்போது மணி ஆறரையை நெருங்கிவிடும். பாபநாசம் சிவன் நடத்திச் சென்ற வழியில் இன்றும் மாட வீதிகளைச் சுற்றும் பஜனைக் கூட்டம் தெருவிளக்கில்தான் நடக்கிறது. இங்கே நிக்கானின் உதாரணம் ஒன்று வேடிக்கையானது. இசட்30-உடன் வரும் 16-50 கிட் லென்ஸ் 135 கிராம். தனியாக விற்கப்படும் 24 மி.மீ. எஃப்/1.7 பிரைம் லென்ஸும் அதே 135 கிராம்! கிட் லென்ஸ் 24 மி.மீ.யில் எஃப்/4 தருவதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும் துளை 6 மி.மீ.தான். பிரைமில் அது 14. எடையில் ஒரு கிராம்கூடக் கூடாமல் ஒளி ஐந்து மடங்குக்கு மேல். பேட்டரியும் கார்டும் போட்ட கேமராவோடு சேர்த்து 540 கிராம். பழைய டி750-உம் 24-120 லென்ஸும் சேர்ந்தால் ஒன்றரைக் கிலோ. ஜூம் போய்விடும் என்பது உண்மை, வடக்கு மாட வீதியில் இரண்டடி முன்னே நடந்தால் போதும்.

மற்ற முகாம்களிலும் இப்படி ஒன்று உண்டு. கேனனின் ஆர்.எஃப். 28 எஃப்/2.8: 120 கிராம், 10 மி.மீ. துளை. பானசோனிக்கின் 20 எஃப்/1.7: 100 கிராமுக்குள், ஏறக்குறைய 12 மி.மீ. ஒலிம்பஸின் 45 எஃப்/1.8: 116 கிராம், 25 மி.மீ. முழு அளவில் அதற்கு நிகரான சோனி 85 எஃப்/1.8-இன் துளை 47 மி.மீ., எடை 371 கிராம். ஒளியைக் கொடுத்து எடையைக் குறைத்திருக்கிறார்கள். அன்றாடம் தூக்கிப் போகிற கேமராவுக்கு இது நல்ல பேரம்தான். பேரம் என்று சொல்லி விற்பதில்லை என்பதுதான் குறை. ஜூம் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு சிக்மாவின் 18-50 எஃப்/2.8 இருக்கிறது, சுமார் 290 கிராம். துளை ஒரு முனையில் 6.4, மறுமுனையில் 18.

அடையாறு முகத்துவாரத்திலும் பள்ளிக்கரணையிலும் கணக்கு கொஞ்சம் புரளும். பறவைக்குப் பகல் வெளிச்சம் இருக்கிறது, தூரம்தான் பிரச்சினை. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் ஒலிம்பஸின் 75-300 லென்ஸ், 600 மி.மீ. காட்சியை 423 கிராமில் தந்துவிடும், துளை 45 மி.மீ. சோனியின் 200-600 அதே காட்சியை 95 மி.மீ. துளையோடு தரும், எடை இரண்டு கிலோவுக்கு மேல். மயிலாப்பூரில் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், ஒரு கேமராவின் உடலையும் இன்னொன்றின் டெலி லென்ஸையும் பிற பாகங்களையும் தானே கோத்து ஒரு பெரும் கருவி செய்துகொண்டார். அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயர். அதைச் சுமந்துகொண்டுதான் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். பெரிய நெகட்டிவ்வுக்கு அவர் தோளால் விலை கொடுத்தார், 1996-இல் மறையும் வரை எளிய கருவி தேடி அலைந்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் அந்தத் தோள் வாய்க்காது.

லென்ஸைப் பார்த்து முடிவு செய்தபின் கவனிக்க வேண்டியது அது எந்த மவுன்ட் என்பது. பழைய சாமான் விற்கும் தளங்களில் மலிவாகக் கிடைப்பவை பல இறந்த மவுன்ட்கள். நிக்கான் 1 வரிசை 2011-இல் வந்து 2018-இல் போனது. கேனனின் இ.ஓ.எஸ். எம் 2012-இல் வந்து 2023-இல் போனது. சாம்சங் என்.எக்ஸ். சத்தமில்லாமல் மறைந்தது. வாங்கும்போது இவை எல்லாமே 'எதிர்கால அமைப்பு' என்றுதான் விற்கப்பட்டன. சோனி தன் மவுன்ட் விவரங்களை 2011-லேயே பிற லென்ஸ் நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. கேனன், ஆர்.எஃப்.புக்கு சிக்மாவும் டாம்ரானும் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் செய்ய 2024 வரை வழிவிடவில்லை, பிறகும் ஏ.பி.எஸ்-சியிலிருந்துதான் தொடங்கியது. உடல் நான்கைந்து ஆண்டில் மாறும், லென்ஸ்கள் அலமாரியில் தங்கும்.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

கைநடுக்கம் தடுக்கும் வசதியில் 'ஐந்து ஸ்டாப்' என்கிறார்களே? அளவுகோலை வகுத்தது ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபாதான். அந்த வசதி உங்கள் கையைத்தான் நிறுத்தும், நடந்து போகும் பஜனைக்காரரை நிறுத்தாது.

ஒரு அங்குல சென்சார் போதுமா? அதன் எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் இல்லை, 13.2×8.8 மி.மீ.

மெகாபிக்சல் 20-ஆ 24-ஆ? ஏதோ ஒன்று.

சபாவில் சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் எடுக்கலாமா? அனுமதி இருந்தால் மட்டும். எல்.இ.டி. வெளிச்சத்தில் படத்தில் பட்டை விழுந்தால் 1/50 அல்லது 1/100 வைத்துப் பார்க்கவும், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

கோயிலுக்குள்? ஃபோன்களைத் தடை செய்யச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கேமரா சின்னதாக இருப்பதால் சலுகை கிடைக்காது, கேட்டுவிட்டு எடுக்கவும்.

எலியட்ஸ் கடற்கரையில் லென்ஸ் மாற்றலாமா? கூடாது. கண்ணாடி இல்லாததால் சென்சார் வெட்டவெளியில் இருக்கும், உப்புக் காற்று நேராகப் போய் உட்காரும்.

பூஞ்சை? காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல். தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டுவதுதான் பூஞ்சை வளர்க்கும் வழி.

பழைய லென்ஸ்களை அடாப்டர் போட்டு மாட்டலாமா? மாட்டலாம், விட்ட எடை திரும்பி வரும். நிக்கானின் ஏ.எஃப்-டி லென்ஸ்களுக்கு எஃப்.டி.இசட். அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது.

பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால்? கேமராவுக்கு ஜி.எஸ்.டி. 2018 வரை 28 சதவீதமாக இருந்து 2019 ஜனவரி முதல் 18 ஆனது. அந்தப் பதினெட்டை மிச்சம் பிடித்தால் இந்திய வாரன்டியும் அதோடு போகும்.